நீதிமன்றம் கலையும் வரை

அக். 6, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஆறு மணிக்கு கன்ட்ரோல் ரூமிலிருந்து போன். கரியாலூர் டவரில் பேட்டரி இறங்குகிறதாம். எங்கே இருக்கிறீர்கள் என்றான் அங்கிருக்கும் பையன். மலை ஏறிக்கொண்டிருக்கிறேன் என்றேன். படுக்கையில் இருந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை வலுத்தது. வளைவுகளில் பனிமூட்டம், ஹெட்லைட் போட்டும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால் ரெக்டிஃபையர் செத்திருக்கிறது, கரண்டை வாங்கி பேட்டரிக்குக் கொடுக்கிற பெட்டி. உள்ளே கருகிய பல்லி. மாற்றினேன், துடைத்தேன், போட்டோ எடுத்து அனுப்பினேன். வேலை கொஞ்சம், பயணம் முழுக் காலை.

டவர் நிற்கிற நிலத்தின் சொந்தக்காரர் பொன்னன் வேலிக்கு வெளியே குடையோடு நின்றார். இந்த மலையில் யாருக்கும் என் பெயர் தெரியாது. டவர்தான் பெயர்.

"இன்னா டவரு, நேத்திலிருந்து போனு செத்துக் கெடக்குது. எம் பொண்ணு திருப்பூர்ல இருந்து கூப்ட்டுக்கினே இருக்குதாம்."

"பல்லி உள்ள பூந்துடுச்சி."

"அதுக்கு வேற எடமா கெடைக்கல?"

"உள்ள சூடா இருக்கும்ல."

"சாப்டியா?"

"ஆச்சு." ஆகவில்லை.

வெள்ளிமலையில் நின்று டீ. அக்கா கூப்பிட்டாள். அயர்லாந்தில் அப்போதுதான் நைட் டூட்டி முடித்து வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். கால் வீங்குகிறதாம். நர்ஸுக்கே கால் வீங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா, அழைப்புக் கடிதம் தயார் செய்கிறார், நான் விசாவுக்குப் போட வேண்டும், டிசம்பர் முதல் வாரமே அங்கே இருக்க வேண்டும்.

"தலைப்பிரசவம்டா. தாய் வூட்டுல இருந்து ஒருத்தராவது வரணும். அத்தை வராங்க, அது அவங்க பக்கம். நம்ம பக்கம் யாரு? நீதான்."

அம்மா போய் இரண்டு வருடம். அப்பா அதற்கும் முன்பே. ஆக அக்காவுக்குத் தாய் வீடு என்றால் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை அறை, ஒரு பைக், நான்.

வருகிறேன் என்றேன்.

அக். 8, புதன்

மழை இல்லை. புழுக்கம். லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கும் டிராவல்ஸுக்குப் போனேன். பாபு அண்ணன் கடை. ஊர்ப் பிள்ளைகளைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி அனுப்புகிறவர். அயர்லாந்து அவருக்கும் புதிது. கம்ப்யூட்டரில் ஃபார்மைத் திறந்து, கேள்வியை வாசித்து, என் பதிலைத் தட்டிக்கொண்டே போனார். பாஸ்போர்ட் எண், வேலை, திருமணம், பெற்றோர். வேகமாகப் போனது.

பிறகு ஒரு கேள்வி: எந்த நாட்டிலாவது எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டிருக்கிறீர்களா? வாசிக்காமலே 'இல்லை'யில் கிளிக் செய்துவிட்டார்.

"இருங்கண்ணா. எனக்கு ஒண்ணு இருக்குது."

"இன்னா இருக்குது?"

"கேஸ். ஃபைன் கட்டினேன்."

"ஃபைன் கட்டிட்டியா? அப்ப முடிஞ்சிப் போச்சி. பைக்குல மூணு பேர் போனாக்கூடத்தான் ஃபைன் கட்றான்."

"அடிதடி."

கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யார் மண்டையாவது ஒடைஞ்சிதா?"

"தையல் போட்டாங்க."

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. இது சொந்தக்காரங்களப் பாக்கப் போற விசா. போலீஸ் சர்டிஃபிகேட்டே கேக்க மாட்டான். 'இல்ல'ன்னு போட்டுட்டுப் போய்க்கினே இரு. உன் கேஸ இன்னா சாட்டிலைட்லயா ஏத்தி வெச்சிருக்கான்?"

மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

நானும் இதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன், ஃபைன் கட்டினால் முடிந்தது என்று. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். வக்கீல் "ஒத்துக்கோ, கட்டு, வந்துகினே இரு" என்பார். ஒத்துக்கொள்வோம், கட்டுவோம், வந்துவிடுவோம். தீர்ப்பு என்று ஒரு தாள் இருக்கிறது, அதில் என் பெயர் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

தீர்ப்பு நகல் வாங்க வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஆமாம் என்றும் போட முடியாது, இல்லை என்றும் போட முடியாது.

அக். 9, வியாழன்

கோர்ட். நகலுக்கு மனு. பழைய வக்கீலின் குமாஸ்தா மாணிக்கம் இன்னும் அதே மேஜையில் இருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. தேரில் அடித்த கேஸ் என்றதும் தெரிந்துவிட்டது. "ஓ, அந்தோணியார் கேஸா" என்றார். புனிதர் மேலேயே கேஸ் போட்ட மாதிரி.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

மதியம் மூன்று டவர். மூன்றிலும் டீசல். கையெல்லாம் நாற்றம், சோப்பு போட்டும் போகவில்லை.

அக். 14, செவ்வாய்

நகல் கிடைத்தது. கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்தே படித்தேன்.

எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டதால் குற்றவாளி எனத் தீர்மானித்து, நீதிமன்றம் கலையும் வரை சிறைத் தண்டனையும் அபராதமும்.

எதிரி என்றால் நான். இரண்டு தடவை படித்தேன். சிறை.

உள்ளே திரும்பிப் போய் மாணிக்கத்தின் மேஜையில் தாளை வைத்தேன்.

"இதுல சிறைன்னு இருக்குது. நான் ஜெயிலுக்கே போகலியே."

"போனியே. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கடைசி பெஞ்சில குந்தியிருந்தியே, அதான் ஜெயிலு. ஃபேன் வெச்ச ஜெயிலு."

"கையெழுத்துக்கு ஒக்கார வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கினிருப்பியா? ஒத்துக்கலன்னா இன்னிக்கி வரைக்கும் வாய்தாவுக்கு வந்துகினு இருப்ப. போ தம்பி. கலெக்டர் ஆபீசுல வேல செய்றவங்கூட இதே மாதிரி ஒக்காந்துட்டுப் போனவங்கீறான்."

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். பேப்பரில் பாதியை எனக்குக் கொடுத்தார், விளையாட்டுப் பக்கத்தை அவர் வைத்துக்கொண்டார். பசிக்கிறது, வெளியே போகலாமா என்றதற்கு "ஐயா எழுந்திருக்கற வரைக்கும் இங்கயே குந்து" என்றார். வெளியே அம்மா, வேலைக்குப் போகாமல், எலுமிச்சைச் சாதத்தோடு. சாயங்காலம் நீதிபதி எழுந்து போனார், எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். பஸ்ஸில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "முடிஞ்சிதா?" முடிந்தது என்றேன். சிறையிலிருந்து வந்த மகனோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். ரிஷிவந்தியம் பக்கம் எங்கள் ஊர் அந்தோணியார் கோயில் தேர். முன் வலது தண்டைத் தள்ளும் உரிமை எங்கள் தெருவுக்கு. அந்த வருடம் கீழ்த்தெரு சகாயம் வந்து தோள் கொடுத்தான். தோளை எடு என்றேன், சிரித்தான். சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டையை எடுத்து அடித்தேன். காதுக்கு மேல் கிழிந்தது. நான்தான் அடித்தேன். பத்தொன்பது வயது. தேர் அதற்குப் பிறகும் போனது.

அக். 16, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். நீளமாகப் பேசினோம். நீளமாகச் சண்டை.

'ஆமாம்' போடப்போகிறேன் என்றேன். அக்கா மெதுவாக, பக்கத்து அறையில் மாமா தூங்குகிறார் போல:

"டேய், அவருக்குத் தெரியாதுடா."

"அது எனக்குத் தெரியும். ஆனா அவர்தான அழைப்புக் கடுதாசி குடுக்கறாரு. அவருக்குத் தெரிஞ்சாகணும்."

"வேணாம். அவருக்குத் தெரிஞ்சா அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா திண்டிவனத்துக்கே தெரியும். கல்யாணத்தப்பவே அம்மா எவ்ளோ பயந்தாங்கன்னு உனக்கு ஞாபகம் இல்ல? பொண்ணு பாக்க வந்தன்னிக்கி உன்ன சங்கராபுரம் அனுப்பிட்டாங்க. வூட்ல இருந்தா எவனாவது கேட்டுருவான்னு."

நினைவிருக்கிறது. மோட்டார் ரிவைண்டிங் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

"எட்வின், எனக்காக 'இல்ல'ன்னு போடு. யாரு பாக்கப்போறா?"

"அவர் கையெழுத்துப் போட்டு என்னைய நல்லவன்னு சொல்றாரு. ரிப்பேர் மறைச்சி மிஷின் விக்கற மாதிரி இது. நாளைக்கு தெரிஞ்சா மாட்றது அவரு. அவரோட சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் வேற நிக்குது."

"மிஷின், மிஷின். மனுஷங்களப் பத்திப் பேசு."

வைத்துவிட்டாள்.

பிள்ளைத்தாய்ச்சியிடம் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

அறையில் ஃபேன் கட்டென்று நின்றது. கெப்பாசிட்டர். நாளை மாற்ற வேண்டும்.

அக். 18, சனி

தீபாவளிக்கு ஊரே கடைவீதியில். மாற்ற வேண்டியது ஒரு கெப்பாசிட்டர், அதற்கு அரை மணி நேரம் கூட்டத்தில் நீந்தினேன். துணிக்கடை வாசலில் யாரோ தோளைத் தட்டினார்கள். சகாயம். நான் அடித்த சகாயம். கையில் பட்டாசுப் பை, கூட மனைவி. கோர்ட்டுக்குப் பிறகு நேருக்கு நேர் நின்று பேசியதில்லை.

"அயர்லாந்து போறியாமே? பாபு சொன்னாரு."

க.குறிச்சியில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்வதற்குப் பதில் டவரில் ஏறி மைக்கில் சொல்லலாம்.

"போகணும். இன்னும் விசாவுக்கே போடல."

"கேஸு எடைஞ்சலா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "நான் வேணா லெட்டர் எழுதித் தரவா? 'மேற்படி எட்வின் என்னை நல்லபடியாக அடித்தார், அதுக்கப்புறம் யாரையும் அடிக்கவில்லை'ன்னு." மனைவியிடம் காதுக்கு மேல் முடியை விலக்கிக் காட்டினான். "இவந்தான். சொல்லுவேன்ல, அந்த இன்ஜினியரு."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தது. "இவ்ளோ ஒல்லியா இருக்காரு!"

வூட்டுக்கு வா என்றான். வருகிறேன் என்றேன். போக மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வீட்டுக்குப் போய் எதைப் பேசுவது?

நல்லவன்தான். அன்றைக்கும் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

அக். 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். மூன்று நாளாக அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அனுப்பியதைப் பார்த்திருக்கிறாள், பதில் இல்லை.

மதியம் மாமாவுக்கே நேராகப் போன் போட்டேன். அவர் கிடங்கில் வேலை, அக்கா பக்கத்தில் இருக்க மாட்டாள் என்று தெரிந்த நேரம். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், பயன் இல்லை. நேராகச் சொன்னேன். மாமா, நான் ஒருத்தனை அடித்தேன், கோர்ட்டில் தண்டனை, சிறை என்றே எழுதியிருக்கிறது, ஃபார்மில் 'ஆமாம்' போடப்போகிறேன், நீங்கள் கடிதம் தர வேண்டாம் என்றால் தர வேண்டாம்.

அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் சத்தம். நகர்ந்து போய் நின்றார் போல, சத்தம் குறைந்தது.

"இதானா? நான் வேற இன்னாவோன்னு பயந்துட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதுன்னு..."

"மச்சான், பொண்ணு எடுக்கறவங்க விசாரிக்காமயா எடுப்பாங்க? எங்க சித்தப்பா உங்க ஊருக்கு வந்து டீக்கடையில ஒக்காந்தாரு. மொத டீ வர்றதுக்குள்ள உன் கேஸ சொல்லிட்டானுங்க. தையலு எத்தினின்னுகூட சொன்னாங்களாம்."

கையிலிருந்த ஈரச் சட்டையை வாளியிலேயே போட்டேன்.

"'பையன் கோவக்காரன், வூடு நல்ல வூடு'ன்னாரு சித்தப்பா. எங்க அம்மாவுக்கும் தெரியும். நீங்க மறைக்கறீங்கன்னும் தெரிஞ்சுது. மறைச்சிக்கட்டும், பொண்ணு வூட்டுக்காரங்க பயப்படுவாங்கன்னு விட்டுட்டோம். நாமளா கேட்டு எதுக்கு சங்கடப்படுத்தணும்?"

"அக்காவுக்கு..."

"அவகிட்ட சொல்லிடாத, எனக்குத் தெரியும்னு. நாலு வருஷமா கஷ்டப்பட்டு மறைச்சிக்கினு இருக்கா. பிரசவம் முடியட்டும், நானே சொல்லிக்கறேன். நீ 'ஆமா'ன்னே போடு. எனக்குத் தெரியும்னு நானும் லெட்டர்ல எழுதிடறேன்."

போனை வைத்த பிறகு ஈரத் துணிகளைக் காயப்போட மறந்து உட்கார்ந்திருந்தேன். நாலு வருடம். ஊரில் கல்யாணம், கருமாதி எதற்கும் மாமா வீட்டு ஆள் வருகிறார்கள் என்றால் நான் போக மாட்டேன். யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. அம்மாவின் அடக்கத்தன்றுகூட அவர்கள் பக்கம் நிற்காமல் தள்ளியே நின்றேன். அவர்கள் எல்லோரும் தெரிந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா மெசேஜ்: "என்ன போட்ட?"

"போட வேண்டியத போடப்போறேன்."

ஒரு கும்பிடு போட்ட கை அனுப்பினாள். 'இல்லை' என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். எம்பசிக்கு உண்மை, அக்காவுக்கு இது.

அக். 24, வெள்ளி

சென்னை. நல்ல மழை. பஸ் இரண்டு மணி நேரம் தாமதம், ஷூவுக்குள் தண்ணீர்.

விளக்கக் கடிதத்தை நேற்று நானே எழுதினேன். சம்பவம், காரணம், தண்டனை, அபராதம் கட்டியது, தற்போதைய நிலை: முடிந்தது. ஆறு வரி. பாபு அண்ணன் படித்துவிட்டு, "இது இன்னா, ஜெனரேட்டர் சர்வீஸ் ரிப்போர்ட்டா? வருத்தப்படுறேன்னு ஒரு வரி போடுயா" என்றார். போட்டேன். பொய் இல்லை. ஆனால் ஒருவர் சொல்லிப் போட்டது.

மொழிபெயர்ப்பு, நோட்டரி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. தண்டனைக் காலம் என்ற பெட்டியில் என்ன எழுதுவது? வருடம், மாதம், நாள் என்று கேட்கிறது. ஒரு பகல் என்று எழுதினேன்.

விசா மையத்தில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு புதுத் தம்பதி. "போட்டோவுல பல்லு தெரியக் கூடாதாம்" என்று அவன் சொல்ல, "எனக்கு மூடினாலே தெரியும்" என்று அவள். இருவரும் அதற்கே அவ்வளவு சிரிப்பு.

கவுன்டரில் இருந்த பெண் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள்.

"சார், இதுல 'யெஸ்' போட்டிருக்கீங்க. தெரிஞ்சிதான போட்டீங்க?"

"தெரிஞ்சிதான்."

ஒரு தடவை முகத்தைப் பார்த்தாள். பிறகு கைரேகை. விரலில் கிரீஸ் ஏறிய வெடிப்பு, மெஷின் எடுக்கவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து நாலாவது தடவை எடுத்தது.

எட்டு வாரம் வரை ஆகலாமாம். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. திண்டிவனத்தில் ஏறுவார்கள் என்று பார்த்தேன், யாரும் வரவில்லை.

நவ. 6, வியாழன்

மலையில் இரண்டு டவர் ஒரே நேரத்தில் அவுட். காற்று. வெள்ளிமலைப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட்டம். கரியாலூரில் டீசல் ஊற்றிவிட்டு மழை நிற்கட்டும் என்று ஷெல்டருக்குள் உட்கார்ந்திருந்தேன். பொன்னன் வீட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, மிளகாய்ச் சட்னி. வேலி மேலேயே கொடுத்துவிட்டுப் போனது அவர் மருமகள். சூடு. நாக்கு வெந்தது. முழுவதும் தின்றேன்.

விசா நிலவரம்: பரிசீலனையில்.

நவ. 15, சனி

நாட்டு மருந்துக் கடை. அம்மா இருந்தால் இதெல்லாம் எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

"பிரசவ மருந்து வேணும்."

"ஒய்ஃபுக்கா?"

"அக்காவுக்கு."

"ஆப்பரேஷனா, சுகப் பிரசவமா?"

"இன்னும் பொறக்கல."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மாவ அனுப்பு தம்பி. இன்னா போடணும், இன்னா கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"இல்ல."

அவருக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. சுக்கு, திப்பிலி, ஓமம், பெயர் தெரியாத வேர்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, இது வாயுவுக்கு, இது பால் ஊற என்று பாடம் எடுத்தார். மிஷினில் அரைத்துத் தந்தார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டூல் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். அறை முழுக்க இப்போது அந்த வாசனை. பிள்ளை பெற்ற வீடு மாதிரி. பெற்றவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நவ. 27, வியாழன்

அக்கா பேசுகிறாள் இப்போது, தினமும். கம்பளி எடுத்து வா, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வா, கருவாடு கொண்டு வந்து விடாதே பிடித்துவிடுவார்கள். எனக்கென்று மடிக்கும் கட்டில் வாங்கியாகிவிட்டது. ஹாலில் ஜன்னல் ஓரம் போட்டு வீடியோவில் காட்டினாள். மேலே நீலப் போர்வை.

"ஹீட்டர் பக்கத்துலதான். குளிராது."

நன்றாக இருக்கிறது என்றேன்.

டிச. 2, செவ்வாய்

வெயில். பல நாள் கழித்து.

கூரியர். கொண்டுவந்த பையனைப் பாபு அண்ணன் கடைக்கு வரச் சொல்லி அங்கேயே பிரித்தேன். பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். வெறும் தாள்கள். உள்ளே ஒரு கடிதம்.

மறுப்பு.

பாபு அண்ணன் மேஜையைத் தட்டினார். "சொன்னேன்ல? 'ஆமா' போடாத, போடாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன்ல? அரிச்சந்திரன் மாதிரி போட்ட. பாத்தியா?"

கடிதத்தை முழுக்கப் படித்தேன். தேடிப் படித்தேன். கேஸைப் பற்றி ஒரு வரி இல்லை. தீர்ப்பு, தண்டனை, ஒன்றும் இல்லை. காரணம் ஒன்றுதான். சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதற்கான குடும்பக் கட்டுகள் போதிய அளவில் காட்டப்படவில்லை. விண்ணப்பதாரர் திருமணமாகாதவர். பெற்றோர் இல்லை. உடன்பிறந்தவர் அயர்லாந்தில் வசிக்கிறார். வேலை ஒப்பந்த அடிப்படையில்.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். பிறகு கடைப் பையனிடம் எனக்கு டீ சொன்னார்.

"அப்பீல் இருக்குது தம்பி. ரெண்டு மாசத்துக்குள்ள போடலாம். இங்க யாராச்சும்... மாமா, சித்தப்பா, நிச்சயம் பண்ண பொண்ணு கிண்ணு..."

"இல்ல."

"நல்லா யோசிச்சிப் பாரு."

டீ குடித்தேன். யோசித்தேன்.

அந்த ஆபீசர் எங்கே உட்கார்ந்து இதை எழுதினாரோ தெரியாது. தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

டிச. 4, வியாழன்

திண்டிவனம். சனிக்கிழமை மாமாவின் அம்மா கிளம்புகிறார். அவருக்கு முன்பே விசா வந்துவிட்டது. மருந்தைக் கொடுத்தனுப்ப அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

பெட்டிகள் திறந்து கிடந்தன. அத்தை பொட்டலத்தை வாங்கி முகர்ந்தார்.

"நல்லாத்தான் அரைச்சிருக்கான். யாரு வாங்கினது?"

"நான்தாங்க."

பெட்டியில் தன் புடவைகளுக்கு நடுவே வைத்தார். "தாய் வூட்டு மருந்துன்னு சொல்லிக் குடுக்கறேன்." பிறகு என்னைப் பார்த்து, "எட்வினு, கோவம்லாம் கொறைஞ்சிருக்குதா?"

ஒரு நொடி ஆனது எனக்கு. அவர் முகத்தில் சிரிப்பு.

"கொறைஞ்சிருக்குதுங்க."

"கொறையணும். ஒக்காரு, சாப்ட்டுப் போ."

மீன் குழம்பு. இலையில் மூன்று தடவை சோறு வைத்தார். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன். கிளம்பும்போது, "அடிக்கடி வந்துட்டுப் போ, நான் வந்தப்புறம்" என்றார். வருகிறேன் என்றேன். நாலு வருடம் முன்பே இதே படி ஏறியிருக்கலாம்.

மறுத்துவிட்டார்கள் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரியும். பிரசவம் வரை லேட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொரு பொய். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

டிச. 11, வியாழன்

பெண் குழந்தை. சுகப் பிரசவம். மாமா போட்டோ அனுப்பினார். சிவப்பாக, சுருங்கி, கோபமாக. யார் ஜாடை என்று தெரியவில்லை.

கன்ட்ரோல் ரூம் பையனிடம் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது? "மாமா ஆயிட்டீங்களா, ட்ரீட் வெய்ங்க" என்றான். அவனை நேரில் பார்த்ததே இல்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிறான்.

டிச. 13, சனி

பனி. மலையில் காலை ஒன்பது வரை சூரியன் இல்லை. கரியாலூர் பேட்டரி செல் இரண்டு மாற்றினேன். இறங்கும் வழியில் அக்கா. ஓரமாக நிறுத்தினேன்.

குரல் சோர்ந்திருந்தது, ஆனால் தெளிவு. வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தை மருந்து கிளறிக் கொடுத்தாராம். "கசப்பு தாங்கலடா, அம்மா வெச்சிக் குடுத்த கஷாயமே தேவல." பிறகு, "அவரு சொல்லிட்டாரு. விசா இல்லன்னு."

"ம்."

குரலைத் தாழ்த்தினாள். "கேஸாலயா?"

"இல்ல. அதப் பத்தி ஒண்ணுமே எழுதல."

"அப்ப இன்னாவாம்?"

"திரும்பி வர்றதுக்கு இங்க எனக்கு யாரும் இல்லியாம்."

கீழே பள்ளத்தாக்கில் பஸ் ஹாரன்.

"இன்னாடா யாரும் இல்ல? நான் இல்ல?"

"நீ அங்க இருக்க அக்கா. அதான் அவங்களுக்கு பயம்."

"அது ஒரு காரணமா?"

"நியாயமான காரணம்தான். நான் ஆபீசரா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

அழுகிறாளா, மூக்கு அடைத்திருக்கிறதா, தெரியவில்லை. அந்தக் கட்டில் இன்னும் ஜன்னல் ஓரத்திலேயே கிடக்கிறது, அத்தை மேலே துணி மடித்து வைக்கிறார் என்றாள். மடித்து உள்ளே வை என்றேன். மாட்டேன் என்றாள்.

குழந்தை கத்த ஆரம்பித்தது. நல்ல குரல். போனைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள், நான் கேட்கட்டும் என்று. வளைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிக்னல் முழுசாக இருந்தது.